குறி தப்பினால் கொடுமை!

முயல் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி?

இங்கிலாந்து நாட்டில் முயலுக்கு இரண்டு பெயர் உண்டு.

குழந்தைகளுக்கு அது தோழன். கதைப் புத்தகத்தில் சட்டை போட்டுக்கொண்டு வரும். வீட்டுக் கொல்லையில், கூண்டுக்குள் வளரும்.

விவசாயிக்கு அது திருடன். பொழுது சாயும் நேரத்தில் வளையை விட்டு வெளியே வரும். கோதுமைப் பயிரின் இளங்குருத்தைக் கடித்துத் தின்னும். முட்டைக்கோசுத் தோட்டத்தில் புகுந்துவிடும். பனிக்காலத்தில் தின்ன ஒன்றும் கிடைக்காவிட்டால், இளமரங்களின் பட்டையை உரித்துவிடும். பட்டை போன மரம் பட்டுப்போகும்.

முயலின் இனப்பெருக்கமும் அதிகம். பெண் முயலுக்குச் சினைக்காலம் சுமார் 30 நாள்தான். ஓர் ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு குட்டிகள் வரை போடும். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடியும் சினைப்படக் கூடியது!

ஆகவே, முயலைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். இங்கிலாந்திலும், வேல்ஸிலும் 1954-ல் வந்த சட்டம், அந்தப் பொறுப்பை நிலத்தை அனுபவிப்பவர் மீதே சுமத்துகிறது.

எப்படிக் கட்டுப்படுத்துவது? அதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு மனிதன் சொன்ன பழைய பதில்கள் எல்லாம் கொடுமையானவை.

பல் வைத்த பொறி

ஒரு காலத்தில் குத்தகை விவசாயி முயலைத் தொடவே முடியாது. பயிர் குத்தகைக்காரனுடையது, பயிரைத் தின்னும் முயலோ பண்ணையாருடையது! 1880-ல் ஒரு சட்டம் வந்தது. தன் பயிரைத் தின்னும் முயலைக் கொல்ல, பயிர் செய்பவனுக்கும் உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் சொன்னது.

உரிமை வந்தது. அதைச் செலுத்திய வழிதான் சரியில்லை.

இரும்புப் பொறி வைத்தார்கள். அதற்கு இரண்டு தாடைகள். தாடைகளில் பற்கள். முயல் கால் வைத்ததும் 'படக்' என்று மூடிக்கொள்ளும். முயல் சாகாது. நொறுங்கிய காலோடு இரவு முழுவதும் துடிக்கும். காலையில் பொறிக்காரன் வரும்வரை அந்தத் துடிப்புத்தான். 1958-ல் இந்தப் பொறி இங்கிலாந்தில் தடை செய்யப்பட்டது.

அதற்குள் இன்னொரு கொடுமை வந்துவிட்டது. 1953-ல் முயல்களைத் தாக்கும் ஒரு கொள்ளை நோய் இங்கிலாந்தில் நுழைந்தது. மிக்ஸோமடோசிஸ் என்று பெயர். முயலின் கண்ணும், முகமும் வீங்கும். பார்வை போகும். குருட்டு முயல்கள் சாலை ஓரங்களில் தள்ளாடின. சாவதற்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். 1955-க்குள் நாட்டில் இருந்த முயல்களில் நூற்றுக்குச் சுமார் 95 மடிந்துவிட்டன!

சில விவசாயிகள் நோய் பிடித்த முயலைத் தூக்கிக் கொண்டுபோய்த் தங்கள் வயலில் விட்டார்கள். நோயை வேண்டுமென்றே பரப்புவது குற்றம் என்று 1954-ல் சட்டமே போட வேண்டியிருந்தது.

இந்தக் கதைகளைக் கேட்டவர்கள், "பொறியும் வேண்டாம், நோயும் வேண்டாம். ஒரே குண்டில் முடிந்துவிட வேண்டும்" என்கிறார்கள். அதற்கு அவர்கள் கையில் எடுப்பது காற்றுத் துப்பாக்கி.

நல்ல எண்ணம்தான். ஆனால், குண்டு சரியான இடத்தில் பட்டால்தான் அது கருணை. தப்பினால், அதுவும் பழைய இரும்புப் பொறிதான்!

பலம் எவ்வளவு?

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று, ஈயக் குண்டைத் தள்ளுகிறது. அவ்வளவுதான்.

இதில் வசதி உண்டு. பெரிய சத்தம் இல்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் சுட்டாலும் மாடு மிரளாது. குண்டு வெகுதூரம் பறக்காது.

ஆனால், பலம் குறைவு. இங்கிலாந்திலும், வேல்ஸிலும் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடிய காற்றுத் துப்பாக்கியின் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. அது 12 அடி-பவுண்டு. அதாவது, ஒரு பவுண்டு எடையை 12 அடி உயரம் தூக்குவதற்கு வேண்டிய சக்தி. வெடிமருந்துத் துப்பாக்கிகளிலேயே சிறியது ஒன்று உண்டு. அதன் சக்தியில், இது பத்தில் ஒரு பங்குதான்!

இந்தக் குறைந்த பலத்தால் முயலைக் கொல்ல முடியுமா? முடியும். ஆனால், ஒரே ஓர் இடத்தில் பட வேண்டும். தலையில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, மூளை இருக்கும் இடம். அந்த இடம் சுமார் ஓர் அங்குல அகலம்தான் இருக்கும்.

அங்கே பட்டால், முயல் உடனே செத்துவிடும். வயிற்றில் பட்டால்? காலில் பட்டால்? முயல் ஓடும். வளைக்குள் புகுந்துவிடும். மனிதன் கை அங்கே எட்டாது. அந்த இருட்டுக்குள் அது எத்தனை மணி நேரம் துடித்துச் செத்தது என்பது வெளியில் இருப்பவனுக்குத் தெரியாது.

எனவே, துப்பாக்கி வாங்கப் போகிறவன் "இது எவ்வளவு பலமாக அடிக்கும்?" என்று கேட்கக் கூடாது. "ஓர் அங்குல வட்டத்துக்குள் ஒவ்வொரு முறையும் அடிக்குமா?" என்று கேட்க வேண்டும்.

ஸ்பிரிங்கா, காற்றுக் குப்பியா?

கடையில் முக்கியமாக இரண்டு வகைத் துப்பாக்கிகள் இருக்கும்.

முதல் வகை, ஸ்பிரிங் துப்பாக்கி. குழலை மடக்கினால் உள்ளே இருக்கும் வலுவான ஸ்பிரிங் சுருங்கிக்கொள்ளும். விசையைத் தட்டினால் ஸ்பிரிங் பாய்ந்து ஒரு தண்டைத் தள்ளும். தண்டு காற்றை அழுத்தும். காற்று குண்டைத் தள்ளும்.

இதில் நன்மை என்ன? விலை குறைவு. துப்பாக்கியும், ஒரு டப்பா குண்டும் இருந்தால் போதும். வேறு சாமான் வேண்டாம். பல ஆண்டுகள் உழைக்கும்.

குறை என்ன? ஸ்பிரிங் பாயும்போது துப்பாக்கி உதைக்கும். முதலில் பின்னால் உதைக்கும். உடனே முன்னால் இழுக்கும். இவ்வளவும் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே நடந்துவிடும்! ஆகவே, துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் குண்டு ஓரிடத்தில் போகும். லேசாகப் பிடித்தால் வேறிடத்தில் போகும். சுவரின் மேல் வைத்துச் சுட்டால் மூன்றாவது இடத்தில் போகும். எப்போதும் ஒரே மாதிரி, லேசாகப் பிடிக்கப் பழக வேண்டும். பழக்கம் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இரண்டாவது வகை, காற்றுக் குப்பி வைத்த துப்பாக்கி. குழலுக்குக் கீழே ஒரு குப்பி இருக்கும். அதில் முன்கூட்டியே காற்றை அடைத்துவைப்பார்கள். மோட்டார் கார் டயரில் இருக்கும் காற்றைப்போலச் சுமார் நூறு மடங்கு அழுத்தம்! ஒருமுறை அடைத்தால் பல குண்டுகள் சுடலாம். உதைப்பு இல்லை என்றே சொல்லலாம். புதிதாகப் பழகுகிறவனுக்கும் குறி தப்பாமல் சுடுவது எளிது.

குறை, விலை. துப்பாக்கியின் விலையோடு செலவு முடியாது. காற்று அடைக்கத் தனிப் பம்பு வேண்டும்; அல்லது, கடலில் முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டிக்கொள்வது போன்ற காற்று உருளை வேண்டும்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. சாதாரணக் காற்றைத்தான் அடைக்க வேண்டும். ஆக்சிஜனை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடைத்தால் துப்பாக்கியே வெடித்துவிடும்!

எதை வாங்குவது? பணமும், உயிர் மீது அக்கறையும் உள்ளவன் குப்பித் துப்பாக்கியை வாங்கலாம். பணம் இல்லாதவன் ஸ்பிரிங் துப்பாக்கியை வாங்கலாம். ஆனால், பணத்துக்குப் பதிலாகப் பயிற்சியைக் கொடுக்க வேண்டும். இரண்டும் கொடுக்க முடியாதவன் துப்பாக்கி வாங்கக் கூடாது.

சின்னக் குண்டா, பெரிய குண்டா?

அடுத்தபடியாக ஒரு சண்டை. இந்தச் சண்டை இங்கிலாந்தில் வெகுகாலமாக ஓயவில்லை.

சிறிய குண்டின் அகலம் 4.5 மில்லிமீட்டர். எடை சுமார் அரை கிராம். பெரிய குண்டு 5.5 மில்லிமீட்டர். எடை சுமார் ஒரு கிராம்.

துப்பாக்கியின் சக்தி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே, சிறிய குண்டு வேகமாகப் போகும். பெரிய குண்டு மெதுவாகப் போகும். வேகமாகப் போகும் குண்டு நேர்க்கோட்டை ஒட்டிப் பறக்கும். மெதுவாகப் போகும் குண்டு வளைந்து இறங்கும். முயல் 25 கெஜத்தில் இருக்கிறதா, 30 கெஜத்தில் இருக்கிறதா என்று கண் தப்புக் கணக்குப் போட்டால், சிறிய குண்டு அந்தத் தப்பை ஓரளவு மன்னிக்கும். பெரிய குண்டு மன்னிக்காது. ஆனால், பெரிய குண்டு பட்ட இடத்தில் அடி அகலமாக விழும்.

"பெரிய குண்டுதான் முயலுக்கு" என்பார் பழைய வேட்டைக்காரர். "சிறிய குண்டுதான் குறிக்கு" என்பார் புதியவர். இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள். மூளையில் பட்டால் இரண்டும் உடனே கொல்லும். மூளையில் படாவிட்டால் இரண்டும் வதைக்கும். எனவே, எந்தக் குண்டைக் கொண்டு தன்னால் அங்குல வட்டத்தில் அடிக்க முடிகிறதோ, அதுவே அவனுக்கு நல்ல குண்டு.

தலை உருண்டையாக உள்ள குண்டே பொதுவாக நேராகப் போகும். கூர்முனை, குழிமுனை என்று கண்ணைக் கவரும் குண்டுகள் கடையில் இருக்கும். பார்க்கத்தான் பயங்கரம், தூரம் போகப் போகக் குறி சிதறுவது அவற்றில்தான் அதிகம். ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு குண்டு பிடிக்கும். நாலைந்து வகை வாங்கிச் சுட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். பிறகு அதை மாற்றக் கூடாது.

துப்பாக்கியின் கட்டை தோளில் சரியாகப் பொருந்த வேண்டும். கட்டை நீளமாக இருந்தால் கழுத்து வலிக்கும். கண் குறியில் நிற்காது. குறி பார்க்கும் தொலைநோக்குக் கண்ணாடியும் ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் உதைக்கும் உதைப்பில், மற்றக் கண்ணாடிகள் சீக்கிரம் கெட்டுவிடும்.

பத்துக்குப் பத்து!

நல்ல துப்பாக்கி வாங்கியாயிற்று. உடனே வயலுக்குப் போகலாமா? கூடாது. ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது.

ஒரு காகிதத்தில் ஓர் அங்குல வட்டம் போட வேண்டும். ஏறக்குறைய இரண்டு ரூபாய் நாணயத்தின் அளவு. அதை இருபது கெஜத்தில் நிறுத்த வேண்டும். மேஜை போட்டு உட்கார்ந்து சுடக் கூடாது. வயலில் மேஜை ஏது? முழந்தாளிட்டும், நின்றும், வயலில் எப்படிச் சுடுவானோ அப்படியே பத்துக் குண்டுகள் சுட வேண்டும்.

பத்தும் வட்டத்துக்குள் விழுந்தால், ஐந்து கெஜம் தள்ளி நிறுத்திப் பார்க்கலாம். எந்தத் தூரத்தில் ஒரு குண்டு வெளியே போகிறதோ, அந்தத் தூரம் அவனுக்குத் தடை செய்யப்பட்ட தூரம்.

"பத்துக்கு ஒன்பது நல்ல மார்க்தானே?" என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் அது நல்ல மார்க். இங்கே வெளியே போன அந்த ஒரு குண்டு, ஒரு முயலின் தாடையை உடைத்த குண்டு!

நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கே 30, 35 கெஜம்தான் எல்லை. காற்று வீசினால் அதுவும் குறையும். அரை கிராம் குண்டைப் பக்கவாட்டுக் காற்று ஓர் அங்குலத்துக்கு மேல்கூடத் தள்ளிவிடும்.

அறுபது கெஜத்தில் அடித்தேன் என்று பெருமை பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எத்தனை முறை தப்பியது என்று அவர்கள் சொல்வதில்லை. தூரத்தில் நின்று அடிப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல. சத்தமில்லாமல் தவழ்ந்து, இருபது கெஜத்துக்குப் போய்ச் சேருவதுதான் கெட்டிக்காரத்தனம்.

சுட்ட பிறகும் கடமை முடியவில்லை. உடனே அருகில் போக வேண்டும். உயிர் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், தாமதிக்காமல் இன்னொரு குண்டால் முடித்துவிட வேண்டும்.

இன்னொன்று. ஜனவரி முதல் ஆகஸ்டு வரை முயல் குட்டி போடும் காலம். தாய் முயல் செத்தால், வளைக்குள் கண் திறக்காத குட்டிகள் பட்டினி கிடந்து சாகும். அங்கே குண்டு படவில்லை. ஆனாலும், கொன்றது துப்பாக்கிதான். அவசரம் இல்லாவிட்டால் அந்த மாதங்களைத் தவிர்க்க வேண்டும்.

முதலில் வேலி!

இதை எல்லாம் படிக்கிறவருக்கு ஒரு கேள்வி எழும். சுடாமலே தீராதா?

பல இடங்களில் தீரும்.

சுமார் மூன்றடி உயரத்துக்குக் கம்பிவலை வேலி போடலாம். வலையின் கண் ஓர் அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டலாம். அதற்கு மேல் போகக் கூடாது. வேலியின் அடிப்பாகத்தில் அரை அடியை, முயல் வரும் பக்கமாக மடித்துத் தரையில் பதிக்க வேண்டும். வேலியைக் கண்ட முயல், அதன் அடியில்தான் தோண்டும். தோண்டினால் வலைதான் இருக்கும். தோற்றுத் திரும்பிவிடும்! செலவு உண்டு. ஆனால், ஒருமுறை போட்ட வேலி பல ஆண்டு நிற்கும். சிறிய தோட்டக்காரர்களுக்கு வேலியே போதும்.

முயல் உண்மையிலேயே தொல்லை தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். 1992-ல் முயல்களுக்கு இன்னொரு கொள்ளை நோய் இங்கிலாந்தில் வந்தது. பல பகுதிகளில் முயல்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. முயல் அற்றுப்போனால் நல்லதுதானே என்று நினைக்கக் கூடாது.

முன்பு முயல்கள் மடிந்தபோது என்ன நடந்தது தெரியுமா? மேய்வதற்கு முயல் இல்லாமல் குன்றுகளில் புல் உயர்ந்தது. புல் உயர்ந்ததால் மண்ணின் சூடு குறைந்தது. சூடு குறைந்ததால் ஒருவகைச் சிவப்பு எறும்பு குறைந்தது. அந்த எறும்பின் புற்றில்தான் பெரிய நீல வண்ணத்துப்பூச்சியின் புழு வளரும். எறும்பு போனதும் வண்ணத்துப்பூச்சியும் போயிற்று. 1979-ல் அது பிரிட்டனில் அடியோடு மறைந்தது! பிறகு, 1983 முதல் ஸ்வீடன் நாட்டிலிருந்து கொண்டுவந்து மறுபடியும் வளர்த்தார்கள்.

விவசாயியின் திருடன், வேறொரு ஜீவனுக்குக் காவற்காரனாக இருந்திருக்கிறான்!

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் 18 வயது ஆகாதவருக்குக் காற்றுத் துப்பாக்கி விற்கக் கூடாது. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர், பிள்ளைகள் கைக்கு அது எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தவறினால் குற்றம். அடுத்தவர் நிலத்தில் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு நுழைந்தாலும் குற்றம். ஸ்காட்லாந்தில் 2016-ம் ஆண்டின் கடைசி நாள் முதல் சாதாரணக் காற்றுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். காட்டுப் பிராணியை வேண்டுமென்றே வதைப்பது குற்றம் என்று 1996-ல் ஒரு சட்டமும் வந்திருக்கிறது.

இந்தியாவில் நிலைமையே வேறு. நம் காட்டு முயல், இங்கிலாந்தின் குழிமுயல் அல்ல. இது வளை தோண்டாது. புதருக்கு அடியில் படுத்துக் கிடக்கும். தமிழில் இரண்டுக்கும் 'முயல்' என்ற ஒரே பெயர்தான். ஆனால், இரண்டும் வேறு வேறு பிராணிகள். நம் நாட்டு முயலை வேட்டையாடுவது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். துப்பாக்கி, வலை, கண்ணி, நாய் - எதைக் கொண்டு பிடித்தாலும் குற்றம்தான். சிறைத் தண்டனை உண்டு.

முடிவு

முயல் பயிரைத் தின்னும் இடத்தில் விவசாயி கைகட்டி நிற்க முடியாது. அது உண்மை. வேலி போட முடிந்த இடத்தில் வேலி போடட்டும். முடியாத இடத்தில் துப்பாக்கி எடுக்கட்டும்.

ஆனால், துப்பாக்கி எடுப்பவன் பத்துக்குப் பத்து அடிப்பவனாக இருக்க வேண்டும். தன் தூரத்தை அறிந்து, அதைத் தாண்டாதவனாக இருக்க வேண்டும். காற்று வீசும்போதும், கை நடுங்கும்போதும், வெளிச்சம் மங்கும்போதும் சுடாமல் வீடு திரும்பத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். வெறுங்கையோடு திரும்புவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

பயிரைக் காக்க முயலைக் கொல்லும் உரிமையை அந்த நாட்டுச் சட்டம் கொடுத்திருக்கிறது. அதை வதைக்கும் உரிமையை எவரும், எவருக்கும் கொடுக்கவில்லை!